கம்பத்தில் மாட்டிய தொப்பி

கஸ்தோதியோவின் பழுப்புத் தொப்பி இரும்புக் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் யாரும் பளிங்குக்கல் குழிக்குள் இறங்க மாட்டார்கள். பெத்ரால்வா ஊரில் யாரும் எழுதி வைக்காத சட்டம் அது.

காலை ஆறு மணிக்கு அவர் வருவார். குழி விளிம்பில், ஏணி தொடங்கும் இடத்தில் நிற்கும் கம்பத்தில் தொப்பியை மாட்டுவார். முழங்கை நீள இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு தனியாக இறங்குவார். எழுபது மீட்டர் ஆழம். நாலா பக்கமும் வெள்ளையும் ரோஜா நிறமுமாகப் பளிங்குச் சுவர், தட்டுத் தட்டாக வெட்டியது. ஒவ்வொரு தட்டிலும் நின்று கம்பியால் சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். நல்ல கல் தட்டினால் மணி மாதிரி பேசும். உள்ளே விரிசல் ஓடிய கல், நனைந்த பலகையைத் தட்டினாற்போலத் 'தொத்' என்று வாயை மூடிக்கொள்ளும். எல்லாச் சுவரையும் கேட்டுவிட்டு மேலே ஏறி வந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைப்பார். அதற்குள் வேலையாட்கள் தேநீர்க் கொட்டகைப் பக்கம் கூடியிருப்பார்கள். அவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. கம்பத்தைத்தான் பார்ப்பார்கள். காலியாக இருந்தால் இறங்குவார்கள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அவர் மேலே வந்தும் தொப்பியை எடுக்கவில்லை. முதலாளி கார் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தார்.

"தொப்பிய எடுய்யா! துறைமுகத்துல கப்பல் நிக்குது!"

"கப்பல் நிக்கட்டும் முதலாளி. கல்லு நிக்காது."

பத்தரை மணிக்கு வடக்குச் சுவரிலிருந்து ஒரு வீடு அளவு கல் பெயர்ந்து விழுந்தது. கீழே ஒரு பூச்சி இல்லை. எழுந்த வெள்ளைத் தூசி அடங்க ஒரு மணி நேரம் ஆனது. முதலாளி காரில் ஏறிப் போனார். மறுநாள் ஒரு ஜாடி திராட்சை மது வந்தது. அதற்குப் பிறகு அந்தத் தொப்பியோடு யாரும் வழக்காடியதில்லை.

ஊரைச் சுற்றி எட்டுக் குழிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கல் கேட்பவர் உண்டு, ஒரு கம்பமும் உண்டு. மூன்றாவது குழி கஸ்தோதியோவுடையது. ஆறு வருடமாக அந்தக் குழியின் அடித்தட்டில் வைரக் கம்பி ரம்பத்தை ஓட்டுகிறவள் அவருடைய ஒரே மகள் ஒத்தீலியா. வைரத் துகள் கோத்த கம்பியைக் கல்லைச் சுற்றி மாலை போட்டு, தண்ணீர் விட்டு விட்டு அறுக்கிற வேலை. தொடக்கத்தில், "பொண்ணு அறுத்தா கல்லு கோணலா வரும்" என்று ஆண்கள் கிண்டல் செய்தார்கள். "கோணலா இருக்கறது உங்க கழுத்து. நிமிந்து பாருங்க, நேரா தெரியும்" என்றாள் அவள். அதோடு சரி.

அவளை ஞானஸ்நானத் தொட்டியில் தாங்கிப் பிடித்தவன் பல்தசார். அன்றிலிருந்து கஸ்தோதியோவும் அவனும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கொம்பாத்ரே என்றுதான். பிள்ளையைப் பெற்றவனுக்கும் பிள்ளையைத் தாங்கியவனுக்கும் இடையில் உள்ள உறவு அது. அண்ணன் தம்பி உறவுக்கு ஒரு பிடி மேலே. கஸ்தோதியோவின் மனைவி செத்தபோது சவப்பெட்டியின் முன்பக்கத்தை ஒருவரும் பின்பக்கத்தை ஒருவரும் தூக்கினார்கள். பல்தசார் முன்பு கிரேன் ஓட்டியவன். தோள்பட்டை போனபிறகு, நாக்கு நன்றாக இருந்ததால், எட்டு முதலாளிகளும் சேர்ந்த கூட்டமைப்புக்குச் செயலாளர் ஆனான்.

கஸ்தோதியோவுக்குக் கல் ஒரு பாரமில்லை. காகிதம்தான் பாரம். எழுத்து அவருக்கு நாற்பத்து மூன்று வயதில்தான் வந்தது, தேவாலயக் கூடத்தில், ஐந்து விதவைகளுக்கு நடுவே உட்கார்ந்து கற்றது. அதுவரை கைநாட்டு. ஒவ்வொரு எழுத்தும் அவருக்கு ஒரு கல். தூக்கி, நகர்த்தி, இடம் பார்த்து வைக்க வேண்டும். முதலில் ஒரு தாள் இருந்தது. பிறகு பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒன்று, சுற்றுச்சூழலுக்கு ஒன்று, காப்பீட்டுக்கு ஒன்று என்று குட்டி போட்டுப் பதினான்கு ஆகிவிட்டது. பதினான்கிலும் ஒரே கேள்விகள். குழியின் பெயர், உங்கள் பெயர், இன்று வானிலை என்ன, சுவர் எப்படி. ஒரு அலுவலகம் எழுதியதை இன்னொரு அலுவலகம் பார்க்காது. அத்தனையும் எழுதி முடியாமல் ஆட்களை இறக்கக் கூடாது என்று விதி. கல்லைக் கேட்டு முடிக்க முக்கால் மணி நேரம், எழுதி முடிக்க இரண்டு மணி நேரம். வேலை தொடங்கும்போது ஒன்பதாகிவிடும்.

"அப்பா, வானிலைய நான் எழுதித் தரட்டுமா?" என்பாள் ஒத்தீலியா, கையுறையைத் தொடையில் தட்டிக்கொண்டே.

"என் கையெழுத்துதான் இருக்கணுமாம். நீ போய்ப் பல்ல தேய்ச்சுட்டு வா."

"தேய்ச்சு மூணு மணி நேரம் ஆச்சு. திரும்ப பசிக்குது."

இப்படி இருக்கையில் ஒரு மதியம் பல்தசார் குழிக்கு வந்தான். கார்க் மரத்தடியில் கஸ்தோதியோ பூண்டும் கொத்தமல்லியும் போட்ட ரொட்டிக் கஞ்சியைக் கிண்ணத்தோடு மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பல்தசார் கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கரண்டியையே பிடுங்கி ஒரு வாய் தின்றான்.

"உப்பு கம்மி கொம்பாத்ரே."

"உன் வாயில ஏற்கெனவே இருக்கேன்னு கம்மியா போட்டேன்."

பல்தசார் சிரித்தான். பிறகு கரண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"எட்டுக் குழியும் தனித்தனியா நின்னா நாம செத்தோம். துருக்கிக்காரன் கல்லு பாதி விலைக்கு லிஸ்பன்லயே இறங்குது. இந்தியாவுலேர்ந்து கருங்கல்லு வருது. ஐரோப்பாவே போட்டியில பின்தங்கிடுச்சாம், மேலிடத்துல எல்லாருக்கும் தூக்கம் வரல. இப்ப ஒரு திட்டம் போட்டிருக்காங்க. எட்டுக் குழியும் கை கோத்தா, பொது கிரேன், பொது அறுவை ஆலை, எல்லாத்துக்கும் உதவி. அதோட விதிகளையும் குறைக்கப் போறாங்க. பதினாலு தாளுக்குப் பதிலா ஒரு தாள்."

"ஒரு தாளா?"

"ஒரே ஒரு தாள்."

கஸ்தோதியோ கரண்டியைக் கிண்ணத்தில் போட்டார். "இதுக்கு நான் யாரைப் போயி கும்பிடணும்?"

"கும்பிட வேணாம். பேசணும். வர்ற வாரம் லிஸ்பன்லேர்ந்து அதிகாரிங்க வர்றாங்க. தொழிலாளி ஒருத்தர் வாயால கேக்கணுங்கறாங்க. எட்டுக் குழிலயும் உன்னவிட மதிப்பான வாய் எது? உள்ளத உள்ளபடி சொல்லு, போதும்."

கூட்டம் தேவாலயக் கூடத்தில் நடந்தது. அவர் எழுத்துக் கற்ற அதே கூடம். மனைவியின் சாவுக்குப் போட்ட கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். நீலக் கழுத்துத் துணி கட்டிய அதிகாரி அம்மா ஒருத்தி, அவளோடு கணினி வைத்துக்கொண்டு நாலு பேர். முதலாளிகள் முன்வரிசை. மற்ற ஏழு கல் கேட்பவர்களும் பின்னால் சுவரோரம் நின்றார்கள். ஐந்தாவது குழி அபீலியோ வழக்கம்போல வாயில் ஒரு தீக்குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கஸ்தோதியோவின் முறை வந்தது. எழுந்தார். இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, நான் முக்கால் மணி நேரம் கல்லக் கேக்குறேன். அப்புறம் ரெண்டு மணி நேரம் எழுதுறேன். அதுவரைக்கும் ஒரு பொடிக்கல்லுகூட வெட்ட முடியாது." கூடம் சிரித்தது. அதிகாரி அம்மாவும் சிரித்தாள். அவருக்குத் துணிச்சல் வந்தது. "காகிதத்த எடுத்துக்குங்க. பதினாலையும் எடுத்துக்குங்க. ஆனா அந்த முக்கால் மணி நேரத்துல மட்டும் கை வைக்காதீங்க. ஒரு குழிக்கு ஒரு காது வேணும். அது தினமும் வேணும். கல்லு லீவு எடுக்காது."

கைதட்டல் கேட்டது. அபீலியோகூடத் தீக்குச்சியை எடுத்துவிட்டுத் தட்டினான். பல்தசார் வந்து எல்லோர் முன்னாலும் அவரைக் கட்டிப்பிடித்தான். "கலக்கிட்டே கொம்பாத்ரே" என்று காதில் சொன்னான். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது கஸ்தோதியோ கோட்டைக் கழற்றவில்லை. அறுபத்தொரு வயதில் முதல்முறையாக, தான் சொன்ன ஒரு சொல் ஊர் எல்லை தாண்டிப் போகப்போகிறது என்ற நினைப்பு நெஞ்சில் சூடாக இருந்தது.

நாலு மாதம் போனது. பொது கிரேன் வந்தது, மஞ்சளாக, பளபளவென்று. அறுவை ஆலைக்கு அடிக்கல் போட்டார்கள். ஊரில் எல்லோரும் நல்ல முகத்தோடு இருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை தெயோலிந்தாவின் காப்பிக் கடையில் கஸ்தோதியோ உட்கார்ந்திருந்தார். அபீலியோ உள்ளே வந்தான். உட்காரவில்லை. ஒரு பளபளப்பான சிறு புத்தகத்தை அவருடைய காப்பிக் கோப்பை மேல் அப்படியே வைத்தான். காப்பி சிந்தியது.

"படிங்க பெரியவரே. ஒங்களுக்குத்தான் படிக்கத் தெரியுமே."

"என்னடா இது?"

"ஒங்க கல்யாணப் பத்திரிகை. போட்டோகூட போட்டிருக்காங்க. எங்க ஏழு பேரு சாவுச் சீட்டும் அதுலதான் இருக்கு."

தெயோலிந்தா துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். கஸ்தோதியோ புத்தகத்தைத் திறந்தார். கறுப்புக் கோட்டில் அவர். நாற்காலியைப் பிடித்த கை. படத்தின் கீழே ஒரு கட்டம். கட்டத்துக்குள் அவர் பேச்சு. விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

'முக்கால் மணி நேரம் கல்லைக் கேட்கிறேன். பிறகு இரண்டு மணி நேரம் எழுதுகிறேன். அதுவரை ஒரு பொடிக்கல்கூட வெட்ட முடியாது. – கஸ்தோதியோ, இருபத்திரண்டு ஆண்டு அனுபவமுள்ள கல் கேட்பவர்.'

விரல் கட்டத்தின் ஓரத்தில் நின்றது. பக்கத்தைத் திருப்பினார். திரும்பவும் முன்பக்கம் வந்தார். மீதியைக் காணோம்.

"அடுத்த பக்கம் படிங்க" என்றான் அபீலியோ. அவர் விரல் நகர்வதைப் பார்க்கப் பொறுமை இல்லாமல் தானே பிடுங்கிச் சத்தமாகப் படித்தான். தொழிலாளர்களின் கோரிக்கையை ஏற்று, சோதனையில் வீணாகும் நேரம் குறைக்கப்படுகிறது. எட்டுக் குழிகளுக்கும் சேர்த்து ஒரே கேட்பவர். நாளைக்கு ஒரு குழி. எட்டு வேலைநாளில் ஒரு சுற்று. இடைப்பட்ட நாட்களில் சுவரில் பதித்த கருவிப் பெட்டி அசைவைக் காட்டும். எட்டுக் குழிக்கும் சேர்த்துத் தினமும் ஒரே ஒரு தாள். அந்த ஒரே கேட்பவர் பகல் பன்னிரண்டுக்குள் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகு அவர் கையெழுத்து இல்லாமல் எந்தக் குழியிலும் வேலை தொடரக் கூடாது. திங்கட்கிழமை முதல் நடைமுறை.

"அந்த ஒரே ஆளு யாரு தெரியுமா?" என்றான் அபீலியோ. "எங்க காதையெல்லாம் அறுத்துக் குடுத்துட்டு, ஒங்க ஒரு காத மட்டும் வச்சுக்கிட்டீங்க. நானும் கைதட்டுனேன் பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல."

"நான் அப்படிச் சொல்லலடா. நீயும் அங்கதானே நின்னே? மீதியக் கேக்கல?"

"நான் கேட்டேன். புத்தகம் கேக்கலியே."

கஸ்தோதியோ எழுந்து நேராகக் கூட்டமைப்பு அலுவலகத்துக்குப் போனார். பல்தசார் மட்டும் இருந்தான். மேசையில் அதே புத்தகம் கட்டுக்கட்டாக இருந்தது.

"வா கொம்பாத்ரே. உக்காரு."

அவர் உட்காரவில்லை. "இத யாரு எழுதுனது?"

பல்தசார் புத்தகத்தைப் பார்க்காமலே, "நீ பேசுனத நான்தான் தட்டச்சுப் பண்ணி அனுப்புனேன்" என்றான். "ஒரு எழுத்து நானா சேர்க்கல. தாய் மேல சத்தியம்."

"சேர்க்கல. வெட்டுனே."

"கட்டத்துல இடம் இல்ல கொம்பாத்ரே. படிவத்துல ஒரு ஆளோட பேச்சுக்கு இருநூறு எழுத்துதான் விடறாங்க. அதுக்கு மேல தட்டுனா சிவப்பாயிடுது, போக மாட்டேங்குது."

"அப்ப முன்பாதிய வெட்டிட்டுப் பின்பாதிய அனுப்பியிருக்கலாமே?"

பல்தசார் ஒரு புத்தகக் கட்டை எடுத்து, நேராகவே இருந்த அதை மறுபடி நேர் பண்ணினான். சுவரைத் தட்டினால் கஸ்தோதியோ ஒலி வரும்வரை காத்திருப்பார். இப்போதும் காத்திருந்தார். 'தொத்' என்றுகூட வரவில்லை.

கடைசியில் பல்தசார் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "பின்பாதிய அனுப்பியிருந்தா திட்டம் கெடச்சிருக்காது. நேரம் எங்க குறையும்னு எண் காட்டணும். எழுத்து வேலைய ஒரு தாளாக்கினது போதலன்னுட்டாங்க முதலாளிங்க. ரெண்டு குழி இந்த வருஷமே மூடுற நெலமை. அறுபது குடும்பம். நான் என்ன செய்யட்டும்? எட்டுல ஒருத்தர்தான்னு ஆனப்ப, உன் பேரைப் போட்டது நான். உனக்காகச் செஞ்சேன்."

"எனக்காகவா? ஒத்தீலியா தினமும் அடித்தட்டுல இறங்குறா. எட்டு நாளைக்கு ஒரு தரம்தான் நான் அந்தச் சுவரைக் கேக்கணுமா?"

"பெட்டி இருக்கு."

"பெட்டி சுவர் அசைஞ்ச பிறகு சொல்லும். நான் அது அசையறதுக்கு முன்னாடி சொல்றவன். நீ கிரேன்ல உக்காந்து இருபது வருஷம் பாத்தவன், இது உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றான் பல்தசார். அந்த ஒரு சொல்தான் கஸ்தோதியோவுக்கு எல்லாவற்றையும்விடக் கனத்தது. தெரியாமல் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

திங்கட்கிழமை அட்டவணைப்படி அவர் ஐந்தாவது குழிக்குப் போக வேண்டும். மூன்றாவது குழிக்கு ஏழு நாள் கழித்துத்தான். அவர் இருட்டு பிரியுமுன் எழுந்து, முதலில் மூன்றாவது குழிக்கு வண்டியை விட்டார். சுவரில் பதித்த பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கம்பத்தில் தொப்பியை மாட்டினார். இறங்கவில்லை. இங்கே சொந்த நேரத்தில் கேட்டுவிட்டுப் போனால், புது அட்டவணை சரியாக ஓடுவதாகவே மேலே உள்ளவர்களுக்குத் தெரியும். தொப்பி தொங்கட்டும். யாரும் இறங்க மாட்டார்கள். முதலாளி வருவார், கத்துவார், பேச வேண்டிய பேச்சை எல்லோர் முன்னாலும் பேசிவிடலாம். அப்படி நினைத்துக்கொண்டு வெறுந்தலையோடு ஐந்தாவது குழிக்குப் போனார்.

அங்கே அபீலியோ இப்போது கிரேனில் கல் கட்டும் ஆள். ஏணிப் பக்கம் நின்று பார்த்தான்.

"தொப்பி எங்க? வித்துட்டீங்களா?"

"என் குழியில மாட்டிட்டு வந்திருக்கேன்."

அபீலியோ கொஞ்ச நேரம் அவர் தலையைப் பார்த்தான். பிறகு தன் தொப்பியைக் கழற்றித் தன் பழைய கம்பத்தில் மாட்டினான். "எறங்கிக் கேளுங்க" என்றான். "வேற ஒண்ணும் பேசாதீங்க. உங்க மேல கோவம் போகல."

கேட்டு முடித்து அவர் திரும்ப மூன்றாவது குழிக்கு வரும்போது மணி ஒன்பதரை. தூரத்திலேயே ரம்பத்தின் சத்தம் கேட்டது. தண்ணீர் சீறும் சத்தம். காதில் விழுந்தது என்னவென்று புரியும் முன்பே கால் ஆக்சிலரேட்டரை மிதித்தது.

கம்பம் காலியாக இருந்தது.

கீழே பன்னிரண்டு பேர். அடித்தட்டில், வடக்குச் சுவருக்கு நேர் கீழே, மஞ்சள் சட்டையில் ஒத்தீலியா. கஸ்தோதியோ அபாய ஊதலை அழுத்தினார். விட்டுவிட்டு அல்ல, அழுத்தியபடியே நின்றார். ரம்பம் நின்றது. ஒவ்வொருவராக ஏணியில் ஏறி வந்தார்கள். கடைசியாக மகள் வந்தாள், முகமெல்லாம் வெள்ளைச் சேறு.

"என்னப்பா? என்ன ஆச்சு?"

"யாரு எறங்கச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? கம்பம் காலியா இருந்துச்சு. நீ விடியறதுக்கு முன்னாடியே வந்து கேட்டுட்டுப் போயிட்டேன்னு நெனச்சோம்." மற்றவர்களும் தலையாட்டினார்கள். இந்த ஊரில் வேறெப்படி நினைப்பார்கள்? இருபத்திரண்டு வருடமாகக் காலிக் கம்பம் என்பது கஸ்தோதியோவின் வாய்.

கொட்டகைக்குள்ளிருந்து பல்தசார் வந்தான். பழுப்புத் தொப்பி அவன் கையில் இருந்தது. பன்னிரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"நீ மறந்து மாட்டிட்டுப் போயிட்டேன்னு நெனச்சேன்" என்றான். பிறகு அந்தப் பொய்யைத் தானே தூக்க முடியாமல் கீழே போட்டான். "மொத நாளே குழி நின்னா லிஸ்பன்லேர்ந்து கேப்பாங்க கொம்பாத்ரே. பெட்டி பச்சையாத்தான் இருந்துச்சு. ஒரு நாள்தானே."

கஸ்தோதியோ கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கினார். எல்லாத் தட்டிலும் தட்டினார். வடக்குச் சுவரில் இரண்டு தரம், மூன்று தரம் தட்டினார். கல் மணி மாதிரி பேசியது. ஒரு குற்றமும் இல்லை. ஏணியில் மெதுவாக ஏறி வந்தார். யாரும் கேட்காமலே ஆட்கள் இறங்கிவிட்டார்கள் என்பது சுவர் விழுவதைவிடப் பெரிதாகப் பட்டது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"பாத்தியா!" பல்தசாருக்கு மூச்சு வந்தது. சிரிக்கவும் செய்தான். "நான் சொல்லல?"

ஒத்தீலியா சிரிக்கவில்லை. அவள் தன் ஞானத்தகப்பனைப் பார்க்கவும் இல்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"இன்னிக்கு மட்டுந்தானாப்பா? இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் இந்தக் கம்பத்த வேற யாராச்சும் காலி பண்ணியிருக்காங்களா?"

இல்லை என்று அவர் நேற்றுவரை சத்தியம் செய்திருப்பார்.

பதினொன்றே முக்காலுக்குப் பல்தசார் அந்த ஒரே தாளையும் பேனாவையும் கொண்டுவந்து கொட்டகை மேசையில் வைத்தான். எட்டுக் குழிக்கு எட்டு வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே, சுவர் சரி என்று கையெழுத்திட ஒரு கட்டம். கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

கஸ்தோதியோ பேனாவை எடுத்தார். முதல் குழிக்கு எதிரே மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தூக்கி வைத்தார்: 'நான் கேட்கவில்லை.' இரண்டாவதற்கும் அதே. மூன்றாவதற்கு, 'கேட்டேன். ஆட்கள் இறங்கிய பிறகு.' நான்காவதற்கு, 'நான் கேட்கவில்லை.' ஐந்தாவதற்கு மட்டும், 'கேட்டேன்.' பிறகு மீதி மூன்று குழிக்கும் 'நான் கேட்கவில்லை.' கீழே கையெழுத்துப் போட்டார். எழுத அரை மணி நேரம் ஆனது. பன்னிரண்டு தாண்டிவிட்டது.

பல்தசார் தோளுக்கு மேலாகப் படித்தான். முகம் சுவர் நிறத்துக்கு வந்தது. "கொம்பாத்ரே, இத அனுப்பினா விதிப்படி ஆறு குழியும் நின்னுடும். என்ன செய்யறேன்னு தெரியுதா?"

"உள்ளத உள்ளபடி எழுதியிருக்கேன். எண்ணிப் பாருங்க. இருநூறு எழுத்துக்குள்ளதான் இருக்கு, செயலாளர் ஐயா."

அந்தக் கடைசிச் சொல்லில் பல்தசாரின் கண் இமைத்தது. தொப்பியை நீட்டினான். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் அட்டவணைப்படி அவர் எட்டாவது குழியைக் கேட்டார். தாளில் ஏழு வரியில் 'கேட்கவில்லை' என்று எழுதினார். அடுத்த நாளும் அப்படியே. அவரைத் தவிர வேறு யார் கையெழுத்தும் செல்லாது என்று அவர்களே விதி போட்டிருந்தார்கள். முதலாளிகள் கத்தினார்கள். லிஸ்பனிலிருந்து நீலக் கழுத்துத் துணி அம்மா வந்தாள். அபீலியோவும் மற்ற ஆறு பேரும் கூடத்தில் முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஒன்பதாம் நாள், குழிக்கு ஒரு கேட்பவர், குழிக்கு ஒரு தாள் என்று ஆனது. கிரேன் பொதுவாகவே இருந்தது. அறுவை ஆலையும் எழுந்தது. எட்டுக் குழியில் எதுவும் மூடவில்லை. முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாமே என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அபீலியோ திரும்பவும் தன் கம்பத்தில் தொப்பி மாட்டுகிறான். மூன்றாவது குழியின் கம்பத்தில் மட்டும் இப்போது ஒன்றும் தொங்குவதில்லை. கஸ்தோதியோ தொப்பியே போடுவதில்லை. கேட்டுவிட்டு ஏறி வந்து ஏணித் தலைப்பில் நிற்கிறார். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "எறங்கு" என்கிறார். பன்னிரண்டு பெயர். காலை முடிவதற்குள் தொண்டை கட்டிவிடுகிறது.

பல்தசார் சில நாள் அந்தப் பக்கம் வருவதுண்டு. "எப்படி இருக்கே கொம்பாத்ரே?" என்பான்.

"வணக்கம் செயலாளர் ஐயா" என்பார் இவர்.

கடைசியாக இறங்குகிறவள் ஒத்தீலியா. கையுறையை மாட்டிக்கொண்டே, இத்தனை வருடத்தில் ஒரு நாளும் கேட்டிராத கேள்வியை இப்போது தினமும் கேட்கிறாள்.

"கேட்டியாப்பா?"

"கேட்டேம்மா."

அவள் ஒரு நொடி அவர் முகத்தையே பார்க்கிறாள். பிறகுதான் ஏணியில் காலை வைக்கிறாள்.